எக்ஸ்ரே எடுக்காத வெல்டிங்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பக்கம் வாங்க. 'வெல்டர் வீடு இதுதானா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தீங்க பாருங்க, அதுலயே எனக்குப் பாதி மனசு விட்டுப்போச்சு. உங்களைக் குறை சொல்லல. நீங்க ஊருக்குப் புதுசு. ஆனா இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் ஒரு காலத்துல இது தண்ணி லாரி அடைக்கலம் வீடுன்னுதான் சொல்லுவாங்க. கோடை வந்துட்டா துவாக்குடியிலேருந்து திருவெறும்பூர் வரைக்கும் எவன் வீட்டுல குழாய் காஞ்சாலும் மொதப் போன் எனக்குத்தான். இப்பவும் போன் வருது. எடுத்தா 'அக்கா இருக்காங்களா'ங்கிறான்.

அக்கா வேலைக்குப் போயிருக்கா. கம்பெனி பஸ் சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் நீங்க காத்திருந்துதான் ஆகணும். உங்க வேனைப் பார்த்தேன், வாசல்ல நிக்குது. பழைய வேனை வாங்கி அதுல டிபன் கடை போடப் போறீங்க, இப்ப மெக்கானிக் குனிஞ்சு பார்த்துட்டு அடியெல்லாம் துருங்கிறான், அப்படித்தானே? வாங்குறதுக்கு முன்னாடி நீங்க குனிஞ்சு பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. யாரும் பார்க்கிறதில்ல. பெயிண்டைத் தடவிப் பார்ப்போம், ஹாரனை அடிச்சுப் பார்ப்போம், வாங்கிடுவோம். வண்டிக்கு அடியில முன்னாலேருந்து பின்னால வரைக்கும் ரெண்டு இரும்புச் சட்டம் ஓடுது. சேசிஸ்னு சொல்லுவோம். இன்ஜின், கேபின், மேல ஏத்துற சுமை எல்லாம் அது மேலதான் உட்கார்ந்திருக்கு. அது அரிச்சுப் போனா மேல நீங்க எந்தக் கலர் அடிச்சும் பிரயோசனமில்ல.

என் லாரிக்கும் அதான் வந்துச்சு. ஊர்ல நாலு பேர் நாலு விதமாச் சொல்லியிருப்பாங்க. அதெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. நடந்தது என்னன்னு நான் சொல்றேன்.

என் வண்டியில கேபினுக்குப் பின்னாடி, டேங்கு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பைப் மூட்டு இருந்துச்சு. அதுல கொஞ்சம் கசிவு. பெருசா ஒண்ணுமில்ல, சொட்டு சொட்டா. வாங்கின நாள்லேருந்தே அப்படித்தான். அந்த வாஷரை மாத்துங்க, மாத்துங்கன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா. சொட்டுத் தண்ணி தானே தம்பி. தண்ணி லாரின்னா ஒழுகத்தான் செய்யும். பால் லாரியா, கவலைப்படறதுக்கு? என்ன, நம்ம பக்கம் போர் தண்ணி கொஞ்சம் உப்பு. அது நேரா இடது பக்கச் சட்டத்து மேல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. வருசக் கணக்கா. இரும்பு செய்யிறவன் ஒழுங்காச் செஞ்சிருந்தா அதைத் தாங்கியிருக்கணுமா இல்லையா? இப்ப வர்ற இரும்பே சரியில்ல.

சரி, அதை விடுங்க. என் வீட்டுக்காரி இளஞ்சியம் என்ன வேலை பார்க்கிறான்னு சொல்லணும்ல. இந்தப் பக்கம் பாய்லருக்குச் சாமான் செஞ்சு குடுக்கிற சின்னச் சின்னக் கம்பெனிங்க நிறைய இருக்கு. அதுல ஒண்ணுல அவ வெல்டர். மகளிர் குழுவுல ஏதோ பயிற்சின்னு போனா. தையல் மிஷினோட வருவான்னு பார்த்தேன். வெல்டிங் கத்துக்கிட்டு வந்து நின்னா. போகட்டும், பொண்ணு ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்குது, ஆளுக்கு ஒரு வேலை இருந்தா நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன். பெரிய மனசு பண்ணித்தான் விட்டேன். அவ போடுற வெல்டிங் மூட்டு ஒவ்வொண்ணையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்களாம். உள்ள ஒரு ஊசிமுனைக் குமிழி இருந்தாலும் வெட்டி எடுத்துட்டு மறுபடி போடணுமாம். எனக்கு மூணு மாசம் நெஞ்சுவலி இருந்துச்சு, நான் எக்ஸ்ரே எடுக்கல. இரும்புக் குழாய்க்கு எடுக்கிறாங்க. காலம் அப்படி இருக்கு.

அது ஒரு பங்குனி மாசம். சீசன் அப்பத்தான் தொடங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் வண்டி கழுவிக்கிட்டிருந்தேன். இவ துணி காயப் போட வந்தவ, லாரியைப் பக்கவாட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. கேபினுக்கும் டேங்குக்கும் நடுவுல உள்ள சந்து மேல குறுகலாவும் கீழ அகலமாவும் இருக்குதேன்னா. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. உள்ள போய் சுத்தியை எடுத்துக்கிட்டு வந்து, புடவையைச் செருகிக்கிட்டு அடியில பூந்துட்டா. நடுத்தெருவுல. டொக் டொக்குன்னு தட்டிக்கிட்டே போறா. ஒரு இடத்துல சத்தம் மாறிச்சு. மண்ணுல தட்டுற மாதிரி சத்தம். துரு ஏடு ஏடா உதிருது. இன்னும் ஒரு தட்டு தட்டினா, சுத்தி உள்ள போயிடுச்சு.

வெளிய வந்து கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "இது ஓடக்கூடாதுங்க. டேங்கை இறக்கிடுவோம். அழுகின பாகம் பூரா வெட்டி எடுத்துட்டுப் புது இரும்பு வைக்கணும். எனக்கு ரெண்டு மூணு ஞாயிறு குடுங்க, நானே போட்டுத் தர்றேன்."

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. சீசன் நேரத்துல டேங்கை இறக்கணுமாம். அதைக்கூட விடுங்க. லாரி ஸ்டாண்டுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. சங்கத்துல துணைச் செயலாளரா இருந்தவன் நான். என் வண்டிக்கு அடியில என் பொண்டாட்டி படுத்துக்கிட்டு நெருப்புப் பொறி பறக்க வேலை செஞ்சா, நாளைக்கு ஒருத்தன் என்னை என்னன்னு கூப்பிடுவான்? அது கம்பெனி வேலை, இது லாரி வேலை, ரெண்டும் வேற, நீ உன் குழாயைப் பாருன்னு சொல்லிட்டேன். கோபமாச் சொல்லல. எடுத்துச் சொன்னேன்.

பைபாஸ்ல சவரிமுத்துன்னு ஒருத்தன் பட்டறை வச்சிருந்தான். வண்டியை அவன்கிட்ட கொண்டு போனேன். வாய் நல்லாப் பேசுவான். அண்ணே, நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்னான். சொன்ன மாதிரியே முடிச்சான். துரு மேலயே ஒரு தகட்டை வச்சு, சுத்தி வளைச்சு வெல்டிங்கை ஓட்டி, மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டான். பார்க்க எவ்வளவு லட்சணமா இருந்துச்சு தெரியுமா? புது வண்டி தோத்துடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வா, வந்து பாருன்னு இவளைக் கூப்பிட்டேன். குனிஞ்சு பார்த்தா. விரலால அந்த ஓரத்தைத் தடவினா. துருவைச் சுரண்டாம போட்டா அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்னு கேட்டா. அப்புறம் தகட்டோட ஓரத்தை நேராக் குறுக்க வெட்டி வச்சா அந்தக் கோட்டுலதான் விரிசல் விடும், சாய்வா வெட்டணும்னா. நல்ல காரியம் நடந்து முடிஞ்ச வீட்டுல வந்து இப்படிப் பேசினா மனுசனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

வைகாசி தொடங்குறதுக்கு முன்னாடியே விரிசல் விட்டுடுச்சு. அதுவும் அந்தத் தகட்டோட ஓரத்துலயே, நேராக் குறுக்க. அது எப்படின்னா தம்பி, அவ வாய் வச்ச நேரம். வேற என்ன சொல்றது?

சவரிமுத்துகிட்ட போய்ச் சத்தம் போட்டேன். ரோடு சரியில்லங்கிறான். இன்னொரு தகட்டை மொதத் தகட்டு மேலயே வச்சுத் தர்றேங்கிறான். அவன் சகவாசமே வேணாம்னு, அரியமங்கலத்துக்கு அந்தாண்ட லாரிக்குப் பாடி கட்டுற ஒரு பெரிய பட்டறையில கொண்டு போய் விட்டேன். அவங்க வாங்கி நிறுத்திக்கிட்டாங்க. இன்னைக்குக் கரண்ட் இல்ல, நாளைக்கு ஆள் இல்ல, நாளன்னைக்கு அமாவாசை. கத்திரி வெயில் கொளுத்துது, ஜனங்க தண்ணி தண்ணின்னு போன் பண்ணிக்கிட்டே இருக்கு, என் வண்டி அங்க வெயில் காயுது. போய்ப் பார்த்தா எவனோ அதுக்கு அடியில நிழலுக்குப் படுத்துத் தூங்கிக்கிட்டிருக்கான். கடைசியில மேஸ்திரி வந்து, சட்டம் பூரா போச்சுண்ணே, வெட்டி மாத்தணும், மழைக்காலம் வரைக்கும் இங்கேயே விடுங்கங்கிறான். இவ சொன்னதையே சொல்றான். இதைக் கேட்கவா இத்தனை நாள் நடந்தேன்? வண்டியை எடுத்துக்கிட்டு நேரா சவரிமுத்துகிட்டயே போய் ரெண்டாவது தகட்டைப் போடச் சொல்லிட்டேன். என்ன இருந்தாலும் பழகின ஆளு.

வெல்டர் ஜாதியே அப்படித்தான் தம்பி. எவனும் ஒழுங்கா ஒரு வேலையை முடிச்சுக் குடுக்கிறதில்ல. அந்தச் சீசன் பூரா நான் பட்ட அவஸ்தை இருக்கே. வீட்டுக்கு வந்தா இவ. ஒரு வார்த்தை பேசறதில்ல. ஷிப்ட் முடிஞ்சு வருவா, பையை வைக்கிறதுக்கு முன்னாடி வாசல்லயே ஒரு தடவை குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்ப்பா, நிமிர்ந்து உள்ள போயிடுவா. திட்டினாக்கூட பதிலுக்குத் திட்டலாம். அந்தப் பேசாம போறதுக்கு நான் எங்க போய் நியாயம் கேட்கிறது?

இப்ப அந்த மேம்பாலம் விசயத்துக்கு வர்றேன். இதைத்தான் ஆளாளுக்குக் கண்ணு காது மூக்கு வச்சுப் பேசறானுங்க.

அவளுக்கு அன்னைக்குக் கம்பெனியில ஒரு பரீட்சை. எழுதுற பரீட்சை இல்ல. ஒரு குழாயைச் சாய்வா நிறுத்திடுவாங்களாம். அதைத் திருப்பக்கூடாது. வெல்டர்தான் சுத்திச் சுத்தி, மேல கீழ, படுத்து நின்னு எல்லாத் திசையிலேருந்தும் போடணுமாம். அதுல தேறினா மேல் தரம் குடுப்பாங்க. அந்தக் கம்பெனியில அதுவரைக்கும் பொம்பளை யாரும் அதுக்கு உட்கார்ந்ததில்லையாம். வருசம் பூரா அதே பேச்சு. சோறு வடிக்கும்போதுகூட கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு மணிக்கட்டை ஒரு தினுசாத் திருப்பிக்கிட்டே இருப்பா.

அன்னைக்குப் பார்த்துக் கம்பெனி பஸ் ரிப்பேர். டவுன் பஸ்ஸை நம்பினா நேரத்துக்குப் போக முடியாது. ஷேர் ஆட்டோ பிதுங்கிக்கிட்டுப் போகுது. நான்தான் சொன்னேன், ஏறு, நான் கொண்டு போய் விடுறேன்னு. புருசன்னா அப்படித்தானே? அவ வண்டியையே பார்த்தா. "தண்ணி இருக்கா?"ன்னு கேட்டா. இல்லேன்னேன்.

அரை டேங்கு இருந்துச்சு. அரை டேங்கையெல்லாம் யாராவது தண்ணின்னு கணக்குல வைப்பாங்களா? வழியில ஒரு கல்யாண மண்டபத்துல விடவேண்டியது. அவளை விட்டுட்டுத் திரும்பி வந்தா டீசல் நஷ்டம், போற வழியிலயே மண்டபத்துலயும் இறக்கிடலாம்னு ஒரு கணக்கு. யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பேருக்கும் நல்ல ஏற்பாடுதான். அப்புறம் ஒருத்தன் சொல்றான், நிறைஞ்ச டேங்கைவிட அரை டேங்குதான் ஆபத்தாம், தண்ணி உள்ள அலையடிச்சு முன்னும் பின்னும் இடிக்குமாம். இதையெல்லாம் விழுந்ததுக்கு அப்புறம்தான் வந்து சொல்லுவானுங்க.

ரயில்வே மேம்பாலத்துல ஏறிக்கிட்டிருக்கோம். முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர் ஊர்ந்துக்கிட்டுப் போகுது. நான் பிரேக்கைத் தொட்டேன். பின்னாடி தண்ணி வந்து மோதுற சத்தம். அடுத்தாப்புல ஒரு சத்தம், பட்டாசும் இல்ல, டயர் வெடிச்சதும் இல்ல, ஏதோ ஒரு பெரிய கிளை முறியிற மாதிரி. கேபின் மூக்கு மேல தூக்கிடுச்சு. கண்ணாடியில ரோடு தெரியல, வானம்தான் தெரியுது. மறுபடி தொம்முன்னு கீழ விழுந்துச்சு. அவ வலது கையை முன்னாடி டேஷ்போர்டுல ஊனினா. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்ததால எனக்கு ஒண்ணும் ஆகல.

டேங்கு பிச்சுக்கிட்டு ரோடு பூரா தண்ணி. பின்னாடி ஒரு ஸ்கூட்டர்க்காரன், பொண்டாட்டியும் கைக்குழந்தையுமா, வழுக்கி வந்து எங்க பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னான். பயத்துல அந்தப் பொண்ணுக்கு அழக்கூட வரல. இளஞ்சியம் இடது கையால கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினா. மொத வேலையா ரோட்டோரத்துல கிடந்த ஒரு கல்லைக் காலாலேயே தள்ளிக்கிட்டு வந்து பின் சக்கரத்துக்கு அண்டை குடுத்தா. அந்தப் பொண்ணுகிட்டேயிருந்து குழந்தையை ஒரு கையால வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா. அப்புறம்தான் குனிஞ்சு அடியில பார்த்தா.

"அந்த ஒட்டுக்குப் பக்கத்துலதான்"னா. அவ்வளவுதான்.

நான் என்ன சொல்லுவேன்? பாலத்தோட ஏத்தம் அப்படி, டிராக்டர்க்காரன் வழி விடலேன்னேன். உண்மைதானே?

கை மணிக்கட்டுல எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து அவ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. பரீட்சை நேரம் தாண்டுறவரைக்கும் பார்த்தா. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டா. அடுத்த வருசமும் பரீட்சை வைக்கத்தானே போறாங்கன்னு ஆறுதலுக்குச் சொன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன் தம்பி. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை முறைச்சுச்சு.

கட்டு போட்டிருந்த நாள் பூரா வீட்டு வேலை என் தலையில. சமைச்சேன். துணி துவைச்சேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். நம்பமாட்டீங்க, லாரி ஸ்டியரிங் பிடிச்ச கை, மூணு கால் எடுத்துப் பின்னுறதுக்கு அப்படி மல்லுக்கட்டும். கோணல் மாணலா வரும். அவ கண்ணாடியைக்கூடப் பார்க்காம அந்தப் பின்னலோட கம்பெனிக்குப் போவா. வெல்டிங் கிடையாது, ஸ்டோர்ல உட்கார்ந்து வெல்டிங் ராடு எண்ணிக் குடுக்கிற வேலை. சாயங்காலம் வருவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்.' 'வலிக்குதா?' 'இல்ல.' இதுக்குப் பேரு பேச்சா? ஒரு தடவை பின்னிக்கிட்டே கேட்டேன், இப்படியே எத்தனை நாளைக்குன்னு. எதுக்கு எத்தனை நாளைக்குங்கன்னு திருப்பிக் கேட்டா.

வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து வாசல்ல போட்டிருந்தோம். முதுகு முறிஞ்ச மாடு மாதிரி. போற வர்றவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போவான். நான் எடைக்குப் போட்டுடலாம்னு முடிவுக்கு வந்துட்டேன். பழைய இரும்புக்காரனை வரச் சொல்லியும் ஆச்சு.

கட்டு பிரிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமை. கூட வேலை செய்யிற ரோஸ்லினும் ஷகிலாவும் ஒரு ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. கூடவே வாடகை வெல்டிங் மிஷின், கிரைண்டர், டேங்கைத் தூக்கி இறக்க ஒரு செயின் பிளாக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணுமே? கேட்கல. பழைய இரும்புக்காரன் வந்தான், இவளே பேசித் திருப்பி அனுப்பிட்டா. நான் தெருவுல நின்னுக்கிட்டு, ஜனங்க பார்க்குது, வேற நல்ல ஆளா வச்சுப் பார்த்துக்கலாம்னு மெதுவாச் சொன்னேன்.

அவ கையுறையை மாட்டிக்கிட்டே சொன்னா. "என் கை சரியாயிடுச்சான்னு எனக்குத் தெரியணும். கம்பெனிக் குழாய்ல வச்சுப் பார்த்தா, தப்பாப் போனா வேலை போயிடும். உங்க லாரியில பார்த்துக்கிறேன்."

எப்படிப் பேச்சு பாருங்க. என் லாரி அவளுக்குச் சிலேட்டு.

நான் டீக்கடைக்குப் போயிட்டேன். அங்க எவனும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். எல்லாரும் கிளாஸையே பார்த்துக்கிட்டுக் குடிக்கிறான். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துட்டேன். நல்லவேளை வந்தேன், இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ. ஜாக்கியைத் தப்பான இடத்துல முட்டுக் குடுத்திருந்தாங்க மூணு பேரும். டேங்கை இறக்கினதும் வண்டி பின்னாடி சாயும்னு அவங்களுக்குத் தெரியாது. நான்தான் கட்டை வச்சு, மட்டம் பார்த்து நிறுத்திக் குடுத்தேன். அவ அதைப் பார்த்துட்டு, அந்தப் பக்கமும் ஒரு கட்டை வைங்கன்னா. வச்சேன். கயித்தைப் பிடிங்கன்னா, பிடிச்சேன். ஆக மொத்தம் அந்த வேலையை மேற்பார்வை பண்ணினது நான்தான்னு வச்சுக்குங்களேன்.

அழுகின பாகத்தை வெட்டி எடுத்துக் கீழ போட்டா. கையால எடுத்தேன், பிஸ்கட்டு மாதிரி பொடியுது. இதுல நான் உட்கார்ந்து ஓட்டினேனான்னு ஒரு நிமிசம் இருந்துச்சு. சவரிமுத்து மேல வந்த கோபத்துக்கு அளவே இல்ல. மீதி இரும்பை வெள்ளி மாதிரி பளபளன்னு வர்ற வரைக்கும் கிரைண்டர்ல தேய்ச்சா. புதுச் சட்டத்தைச் சாய்வா வெட்டிப் பொருத்தினா. வெல்டிங் ராடைச் சூடா வைக்கணுமாம், ஈரம் கூடாதாம், சூப்பர்வைசர்கிட்ட கேட்டு கரண்ட்ல சூடாகிற ஒரு நீளமான டப்பா வாங்கிக்கிட்டு வந்து அடுப்படியில மிக்ஸி பக்கத்துல சொருகி வச்சிருந்தா. எனக்குச் சட்னி அரைக்க இடமில்ல.

மொத நாள் அவ போட்ட வெல்டிங்கைப் பார்க்கணுமே. கோடு நேரா வராம பாம்பு மாதிரி நெளிஞ்சு கிடந்துச்சு. முகமூடியைத் தூக்கிப் பார்த்தா, கிரைண்டரை எடுத்து அத்தனையும் அழிச்சா. மறுபடி போட்டா. மறுபடி அழிச்சா. மணிக்கட்டு வீங்கிப்போச்சு, ஷகிலா துணியில ஐஸ் சுத்தி ஒத்தி எடுக்குது, இவ இடது கையால வலது கையைத் தாங்கிக்கிட்டு மறுபடி போடறா. ஒரு ஞாயிறு பூரா போட்டது, அழிச்சது, போட்டது, அழிச்சது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ராடு வீண், கரண்ட் வீண். அடுத்த ஞாயிறும் அதே கதை. பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சவரிமுத்து போட்டதைவிட நூறு மடங்கு நல்லா இருக்கு. அதையும் அழிக்கிறா.

பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "இதென்ன கம்பெனிக் குழாயா? இதை யாரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப் போறா?"

முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தா. முகம் பூரா வேர்வை. "யாரும் எடுக்கமாட்டாங்க. அதனாலதான்"னுட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டா.

அதுல என்ன 'அதனாலதான்'? நீங்களே சொல்லுங்க.

ஆடி முடியிற நேரத்துக்கு வேலை முடிஞ்சுது. இடது பக்கம் மட்டும் இல்ல, வலது பக்கமும் தட்டிப் பார்த்து, சந்தேகம் வந்த இடமெல்லாம் வெட்டி மாத்திட்டா. அந்தப் பைப் மூட்டைக் கழட்டிக் கடாசிட்டுப் புதுசா ஒண்ணு போட்டா. இப்ப ஒரு சொட்டு ஒழுகறதில்ல. டேங்கை ஏத்தி, முழுசாத் தண்ணி நிரப்பி, அதே மேம்பாலத்துல நான் மட்டும் ஓட்டிக்கிட்டுப் போனேன். அவ கீழ நின்னா. அசையல தம்பி வண்டி. கல்லு மாதிரி ஏறி இறங்கிச்சு. கீழ வந்து இறங்கிப் பார்த்தா, அவ ரோட்டோரத்துல உட்கார்ந்து கையை விரிச்சு மடக்கிப் பார்த்துக்கிட்டிருக்கா. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல.

அதுக்கப்புறம் ரெண்டு கோடை ஓட்டிட்டேன். சட்டத்துல ஒரு கீறல் கிடையாது. வண்டி ஓடத் தகுதியான்னு பார்க்கிற எஃப்.சி.க்குக் கொண்டு போன இடத்துல ஆய்வாளர் குனிஞ்சு பார்த்துட்டு யாருய்யா போட்டதுன்னு கேட்டாரு. தெரிஞ்ச இடத்துல போட்டது சார்னேன். எல்லா இடத்துலயும் வீட்டு விசயத்தைச் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? ஆனா இந்த ரோஸ்லின் வாய் சும்மா இருந்தாத்தானே. மொதல்ல ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சு. அப்புறம் ஒரு டிப்பர். இப்ப ஞாயித்துக்கிழமைன்னா வாசல்ல என் வண்டியை நிறுத்த இடமில்ல. பரீட்சைக்கும் அடுத்த வருசம் உட்கார்ந்து பாஸ் பண்ணிட்டா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே.

எனக்கு அதுல எல்லாம் ஒரு வருத்தமும் இல்ல. சம்பாதிக்கட்டும், பேரு வரட்டும். எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, நீங்க வெளியூரு, அதனால சொல்றேன்.

இத்தனையும் பண்ணினாளே, அந்த லாரியில இன்னைய வரைக்கும் அவ ஏறினதில்ல. நானும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். மழை பெய்யுது, வா கொண்டு போய் விடுறேம்பேன். பஸ் வந்துடுங்கம்பா. பொண்ணைப் பார்க்கக் காலேஜுக்குப் போகணும், ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்பேன். நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேம்பா. போன மாசம் கேட்டே விட்டேன். உன் கையால போட்ட வெல்டிங், உனக்கே அது மேல நம்பிக்கை இல்லையான்னு.

வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. நிமிரக்கூட இல்ல.

"வெல்டிங் மேல எனக்கு நம்பிக்கை இருக்குங்க"ன்னா.

நானும் ஒரு மாசமா யோசிக்கிறேன். நம்பிக்கை இருந்தா ஏற வேண்டியதுதானே? ஏறமாட்டேங்கிறா. தெனம் காலையில அவ கம்பெனி பஸ்ஸு இந்த முனையில வந்து நிக்கும். அதே நேரத்துக்குத்தான் நானும் தண்ணி பிடிக்கக் கிளம்புவேன். அதே ரோடு, அதே பாலம். பஸ்ஸு முன்னாடி போகும், அவ பின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது எனக்கு நல்லாத் தெரியும். நான் காலி வண்டியை ஓட்டிக்கிட்டு, பக்கத்து சீட்டும் காலியா, கம்பெனி வாசல் வரைக்கும் அது பின்னாலயே போறேன்.